4 வயசுப் பிள்ளையை முதல் காலேஜ் ஃபுட்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப் போவது (ஆஸ்டின், டி.கே.ஆர். அரங்கம்)

செடார்பார்க்_மல்லி
எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 4 வயது. இந்த சீசனில் ஆஸ்டினில் லாங்ஹார்ன்ஸ் (டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி) ஆட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறோம். எந்த ஆட்டம், எந்தப் பக்கம் உட்காருவது, காதுக்கு என்ன போடுவது, பையில் என்ன கொண்டுபோகலாம், எப்போது கிளம்புவது? அனுபவக் கதைகளை விட, இன்னது செய், இன்னதால் என்று சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.

நாலாவது_டவுன்
முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். டிக்கெட் அதற்குப் பிறகு.

ஆட்டக் கடிகாரத்தில் 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு, ஆக ஒரு மணி நேரம். ஆனால் அரங்கில் உட்காரும் நேரம் ஏறக்குறைய மூன்றரை மணி. எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும், டிவி விளம்பரத்துக்கு நிற்கும், நடுவே இடைவேளை 20 நிமிடம். வாயிலில் வரிசை, நடை, பார்க்கிங் எல்லாம் சேர்த்தால் வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்ப ஆறு, ஏழு மணி நேரம் ஆகும். 4 வயதுக்கு இது ஒரு முழு நாள்.

எஸ்.இ.சி.யில் (லாங்ஹார்ன்ஸ் ஆடும் கல்லூரி லீக்) ஆட்டம் தொடங்கும் நேரம் மூன்று வகை. நம் நேரப்படி காலை 11 முதல் 12, மதியம் 2:30 முதல் 3:30, மாலை 5 முதல் 7. மாலை 6:30 ஆட்டம் பத்து மணிக்குத்தான் முடியும். மதிய ஆட்டம் தூக்க நேரத்தை விழுங்கிவிடும். எனவே என் ஓட்டு காலை 11 மணிக்கு, அதுவும் அக்டோபர் கடைசி அல்லது நவம்பரில்.

எதிரணி யார் என்பதும் முக்கியம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் வருகிற ஆட்டத்தை முதல் ஆட்டமாக வைக்காதீர்கள். டிக்கெட் விலை ஒரு பக்கம், கடைசி வரை எல்லோரும் நின்றுகொண்டே பார்ப்பார்கள் என்பது இன்னொரு பக்கம். முன்னால் நிற்பவரின் இடுப்பைத் தவிர பிள்ளைக்கு எதுவும் தெரியாது. ஒக்லஹோமாவுடன் ஆடுவது டாலஸ் காட்டன் பௌலில், ஸ்டேட் ஃபேர் கூட்டத்துக்கு நடுவே. அதற்கு இன்னும் சில வருடம் பொறுக்கலாம். சிறிய கல்லூரி அணி வரும் ஆட்டமே நல்லது. டிக்கெட் கிடைக்கும், இரண்டாம் பாதியில் பெஞ்சும் காலியாகும்.

கத்தரிவெயில்
நவம்பர் என்றால் 11 மணி சரி. சிறிய அணி வருவது பெரும்பாலும் செப்டம்பரில் ஆயிற்றே, அங்கேதான் சிக்கல். செப்டம்பர் முதல் பாதியில் ஆஸ்டினில் 95 ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம். பெஞ்ச் அலுமினியம். அரைக்கால் சட்டை போட்ட குழந்தை உட்கார்ந்த மறுநொடி எழுந்துவிடும். அந்த மாதத்தில் மாலை ஆட்டத்துக்குப் போய், முதல் பாதி பார்த்துவிட்டு எட்டு மணி வாக்கில் கிளம்புவதுதான் என் கணக்கு.

வெயில் எந்தப் பக்கம் என்பதிலும் ஒரு தவறு பரவியிருக்கிறது. "மேற்குப் பக்கம் நிழல்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். மைதானம் ஏறக்குறைய வடக்கு தெற்காக நீள்கிறது. இங்கே கோடை நேரக் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது மதியம் சுமார் 1:25க்கு. 11 மணி ஆட்டத்தில் அதுவரை மேற்குப் பக்கத்து ஆட்கள்தான் வெயிலுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள், கிழக்குப் பக்கத்துக்கு முதுகில் வெயில். மதிய, மாலை ஆட்டத்தில் தலைகீழ். அப்போது மேற்குப் பக்கம் சீக்கிரம் நிழலாகும், கிழக்குக்குக் கண்ணில் அடிக்கும்.

நாள் முழுக்க நிழல் வேண்டுமானால் ஒரே வழி, கீழ்த்தளத்தின் பின் வரிசைகள். மேல்தளம் தலைக்கு மேல் கூரை மாதிரி நீண்டிருக்கும். அங்கே பெரிய திரை பாதி மறையலாம். குழந்தைக்கு அது நஷ்டமே இல்லை.

செடார்பார்க்_மல்லி
சூரியக் கணக்குக்கு ரொம்ப நன்றி. காதுக்கு? பஞ்சு வைத்தால் போதுமா? அங்கே பீரங்கி வேறு வெடிப்பார்களாமே.

காதுமடல்
பஞ்சு போதாது. பஞ்சு தடுப்பது மிகக் கொஞ்சம், அதுவும் கூர்மையான ஒலியை மட்டும். நுரை காதடைப்பானும் இந்த வயதுக்கு வேண்டாம். பிடுங்கி வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். தலைக்கு மேல் பட்டை வரும் இயர்மஃப்தான் சரி.

பெட்டியில் என்.ஆர்.ஆர். என்று, சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்பதற்கான ஓர் எண் இருக்கும். குழந்தை அளவில் 22ஐ ஒட்டிக் கிடைக்கும். 22 என்றால் 22 டெசிபெல் அப்படியே குறைந்துவிடாது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புக் கணக்கில் அதில் 7 கழித்து, மீதியைப் பாதியாக்குவார்கள். ஏழரைதான் மிஞ்சும். கூட்டம் கத்தும்போது 100 டெசிபெல் என்று வைத்தால் காதுக்குள் 92.5. வேலை செய்கிற பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபெல்லில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 94இல் ஒரு மணி நேரம், 100இல் வெறும் 15 நிமிடம். மூன்றரை மணி நேரமும் யாரும் தொடர்ந்து கத்தப் போவதில்லை. ஆனாலும் இயர்மஃப் போட்டாச்சு, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

அந்தப் பீரங்கிக்குப் பெயர் ஸ்மோக்கி. ஆட்டத் தொடக்கத்திலும், லாங்ஹார்ன்ஸ் புள்ளி எடுக்கும்போதெல்லாமும் வெடிக்கும். வெற்றுத் தோட்டாதான், சத்தம் மட்டும் நிஜம். உள்ளே நுழைந்ததும் அது எந்த முனையில் நிற்கிறது என்று பாருங்கள், டிக்கெட் எடுக்கும்போதே நடுக்கோட்டுப் பக்கம் எடுங்கள். "டச்டவுன் ஆனதும் ஒரு டமார் வரும், அப்போது காதை இரண்டு கையாலும் அமுக்கிக்கோ" என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தால் பாதி பயம் போய்விடும். எதிர்பாராமல் வரும் சத்தத்துக்குத்தான் பிள்ளைகள் அழுவார்கள்.

நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லை இருக்கிறது, பெட்டியில் எழுதியிருக்க மாட்டார்கள். ஜிமிக்கி, வளையம் எல்லாம் அன்று வேண்டாம். இயர்மஃப் மெத்தை கம்மலின் மேல் உட்கார்ந்தால் திருகாணி காதின் பின்பக்கம் குத்தும், பத்து நிமிடத்தில் கழற்றி எறிவாள். மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே கம்மல் விடும் இடைவெளி வழியாகச் சத்தம் உள்ளே போகும். மூக்குக் கண்ணாடிக் காலும் அப்படித்தான். சிறிய பொட்டுத் தோடு போதும், அதையும் கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது. இரட்டைப் பின்னலைக் காதுக்கு மேல் மடித்துக் கட்டாதீர்கள், தாழ்வாக ஒற்றைப் பின்னல். தலைக்கு எண்ணெய் வைத்தால் பட்டை வழுக்கும்.

நாலாவது_டவுன்
இருக்கை பற்றி: முதல் பத்து வரிசை எடுக்காதீர்கள். டிவியில் பார்க்க ஆசையாக இருக்கும். நேரில் ஓரத்தில் நிற்கும் ஆட்டக்காரர்களின் முதுகும் தலைக்கவசமும்தான் தெரியும். 25ஆம் வரிசைக்கு மேல் போனால் மைதானம் கோலம் மாதிரி விரிந்து தெரியும். மேல்தளத்தின் உச்சியும் வேண்டாம். படி செங்குத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது ஆபத்து. மாணவர் பகுதியும் எதிரணி ரசிகர் பகுதியும் தவிர்க்க வேண்டியவை.

நடைபாதை ஓரம் இருக்கிற இடமாகப் பாருங்கள். மூன்றரை மணி நேரத்தில் நாலு தடவையாவது எழுந்து போக வேண்டி வரும். பெஞ்சில் ஒருவருக்கு ஒதுக்கிய அகலம் சுமார் 18 அங்குலம்தான், நடுவே உட்கார்ந்தால் இருபது பேரின் முழங்காலைத் தாண்ட வேண்டும். எந்த வயது வரை டிக்கெட் வேண்டாம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 4 வயதுக்கு மடியில் வைத்துச் சமாளிக்க நினைக்காமல் தனி டிக்கெட்டே எடுங்கள். டிக்கெட் ஃபோனில்தான் வரும். வீட்டிலேயே வாலெட்டில் சேமித்துவிடுங்கள். ஒரு லட்சம் பேர் கூடுமிடத்தில் வாயில் முன்னால் நின்று இமெயில் தேடினால் திரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

தயிர்சாதம்_டப்பா
பை விஷயம் நான் சொல்கிறேன். 12 அங்குல அகலம், 12 உயரம், 6 கனம், இதற்கு மேல் போகாத க்ளியர் பேக் (உள்ளிருப்பது தெரியும் பை), அல்லது ஒரு கேலன் ஜிப்லாக் கவர். இவை தவிர கையளவு பர்ஸ், நாலரைக்கு ஆறரை அங்குலம். டயப்பர் பேக் என்பதற்காகச் சாதாரணப் பையை விடமாட்டார்கள், சாமான்களை க்ளியர் பேக்கில் மாற்றச் சொல்வார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு பை அனுமதி, டிக்கெட் உள்ள குழந்தையும் ஓர் ஆள். எனவே இரண்டு பெரியவர், ஒரு பிள்ளை என்றால் மூன்று பை. ஸ்ட்ரோலரை வீட்டிலேயே விடுங்கள், படிக்கட்டில் அது சுமை.

பையில்: மாற்று உடை ஒரு செட், ஈரத் துடைப்பான், கைத்துண்டு இரண்டு (ஒன்று பெஞ்சில் விரிக்க, ஒன்று நனைத்துக் கழுத்தில் போட), அகல விளிம்புத் தொப்பி, மெல்லிய முழுக்கைச் சட்டை, இயர்மஃப், சின்ன பவர்பேங்க். சன்ஸ்கிரீன் குழம்பாகவோ குச்சியாகவோ இருக்கட்டும், ஸ்ப்ரே டப்பாவை வாயிலில் வாங்கிவிடுவார்கள். கிளம்பும் முன் ஒரு முறை, பிறகு இரண்டு மணிக்கு ஒரு முறை. குடையும் உள்ளே போகாது. தண்ணீர் பாட்டில் விதி சீசனுக்கு சீசன் மாறும், அந்த வாரம் அரங்கப் பக்கத்தைப் பாருங்கள்.

சாப்பாட்டைக் காரில் முடித்துவிட்டு உள்ளே போங்கள். வெயில் நாளில் பார்க்கிங்கில் திறக்கப் புளிச்சோறுதான் நம்பகமானது. தயிர்சாதம் என்றால் பால் நிறைய, தயிர் ஒரு கரண்டி என்று பிசைந்து, ஐஸ் கட்டி வைத்த கூலரில் வையுங்கள். சும்மா பையில் வைத்தால் மூன்று மணி நேரத்தில் புளித்துவிடும். உள்ளே சைவத்துக்கு ப்ரெட்சல், சீஸ் நாச்சோ, பீட்சா கிடைக்கும். பாப்கார்ன், வேர்க்கடலை, வட்டமாக நறுக்கிய ஹாட்டாக் மூன்றும் சின்னப் பிள்ளைக்கு மூச்சுக்குழாயில் அடைக்கிறவை, குழந்தை மருத்துவர்கள் 4 வயதுக்குள் கொடுக்க வேண்டாம் என்பார்கள். நாலு நிரம்பியிருந்தாலும், கூட்டம் துள்ளும்போது வாயில் பாப்கார்ன் இருக்க வேண்டாம்.

ஆந்தை_ரசிகர்
ஏன் ஆஸ்டினிலேயே தொடங்க வேண்டும் என்று ஒரு கேள்வி. டி.கே.ஆர். கொள்ளளவு 1,00,119. கல்லூரி ஃபுட்பால் பழக இவ்வளவு பெரிய கூட்டம் தேவையில்லை.

சான் அன்டோனியோவில் யூ.டி.எஸ்.ஏ. அணி அலமோடோமில் ஆடுகிறது. கூரையும் ஏ.சி.யும் உண்டு. செப்டம்பர் வெயில் பிரச்சினை அத்தோடு முடிந்தது. குறை ஒன்றுதான், கூரை இருப்பதால் சத்தம் எதிரொலிக்கும், இயர்மஃப் அங்கேயும் வேண்டும். சான் மார்கோஸில் டெக்சாஸ் ஸ்டேட்டின் அரங்கம் சிறியது, ஆஸ்டின் தெற்கில் இருப்பவர்களுக்குப் பக்கம். ஹூஸ்டன்காரர்களுக்கு ரைஸ் பல்கலைக்கழக அரங்கம். சாதாரண நாளில் நிறைய இடம் காலியாகவே கிடக்கும், பிள்ளை பெஞ்சில் நடந்து திரியலாம். நிலவுக்குப் போவோம் என்று 1962 செப்டம்பர் 12 அன்று கென்னடி பேசியது அந்த அரங்கில்தான். ரைஸ் ஏன் டெக்சாஸுடன் ஆடுகிறது என்று அந்தப் பேச்சிலேயே கேட்டிருப்பார். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் இதைச் சொல்லிக் கூட்டிப் போகலாம்.

ஏப்ரலில் இலவசமாக நடக்கும் வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்தைப் பலர் சிபாரிசு செய்வார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் 2025இல் டெக்சாஸ் அதை நடத்தவில்லை, வேறு சில கல்லூரிகளும் விட்டுவிட்டன. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

செடார்பார்க்_மல்லி
அலமோடோம் யோசிக்கவே இல்லை, நல்ல வழி. ஆனால் அவளுக்கு "கொம்பு மாடு" பார்க்க வேண்டும், அதனால் ஆஸ்டின்தான். ஆட்டத்தை எப்படிப் புரியவைப்பது?

பெரிய_பெர்த்தா
மாட்டைப் பார்க்க வேண்டுமானால் அரங்கத்துக்குள் காத்திருக்க வேண்டாம். ஆட்டத்துக்கு முன் சான் ஹசின்டோ தெருவை மூடி "பீவோ புல்வார்ட்" என்று திருவிழா மாதிரி நடத்துவார்கள். அங்கே பீவோ, அதாவது அணியின் சின்னமான அந்தக் கொம்பு மாடு, ஊர்வலமாக வரும். இப்போதிருப்பது பதினைந்தாவது பீவோ, 2016 முதல். ஊர்வல நேரம் அந்த வாரம் அறிவிப்பார்கள். அரைமணி முன்னால் போய்த் தடுப்புக் கம்பியை ஒட்டி நின்றால் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். இதற்கு டிக்கெட் தேவையில்லை. வெயிலில் பிள்ளை சோர்ந்தால் இதை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாலும் அவளைப் பொறுத்தவரை நாள் நிறைந்துவிடும்.

அடுத்தது இசைக்குழு. பெரிய பெர்த்தா என்ற ராட்சத முரசை 1922இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்காகச் செய்தார்கள். 1955இல் ஆஸ்டினுக்கு வந்தது. 2022இல் அதற்கு ஓய்வு கொடுத்துப் புது முரசு கொண்டுவந்தார்கள். 4 வயதுப் பிள்ளை ஆட்டத்தைவிட இதைத்தான் பார்க்கும். அதனால் ஆட்டத்துக்கு முந்தைய அணிவகுப்பும், இடைவேளை நிகழ்ச்சியும்தான் நீங்கள் தவறவிடக் கூடாத இரண்டு. தொடக்க உதைக்கு 40 நிமிடம் முன்பே இருக்கையில் இருங்கள்.

லாங்ஹார்ன்ஸ் ரசிகர்கள் கையால் காட்டும் கொம்பு முத்திரை: நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்கிக் கட்டைவிரலால் பிடித்து, ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் நிமிர்ந்திருக்க வேண்டும். பரதம் கற்கும் பிள்ளையென்றால் சிம்மமுகத்தின் தங்கை என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்ளும். சிறு கைக்குச் சுண்டு விரல் நிமிர்வதுதான் கஷ்டம், ஒரு வாரம் பழக்குங்கள்.

விதிகளில் மூன்றே போதும். நாலு வாய்ப்பில் பத்து கெஜம் போனால் மறுபடி நாலு வாய்ப்பு. கடைசிக் கட்டத்துக்குள் பந்தோடு போனால் டச்டவுன், ஆறு புள்ளி. மஞ்சள் துணி விழுந்தால் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள். டிவியில் பார்த்துப் பழகிய பிள்ளை மைதானத்தில் மஞ்சள் கோட்டைத் தேடும். அது திரையில் மட்டும் வரைவது. ஓரத்தில் ஆரஞ்சுக் குச்சி பிடித்து நிற்பவர்களைக் காட்டி, "அந்தக் குச்சி வரைக்கும் போகணும்" என்று சொல்லுங்கள். இன்னொன்று, "கால்பந்து" என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். சாக்கர் என்று நினைத்து வந்து, ஏன் கையால் தூக்குகிறார்கள் என்று கடைசி வரை கேட்கும்.

சாவிக்கொத்து
போக்குவரத்து. அரங்கத்தை ஒட்டியே ஐ-35 நெடுஞ்சாலை விரிவாக்க வேலை நடக்கிறது, எந்த வெளியேறும் வழி மூடியிருக்கிறது என்று அன்று காலையில் பாருங்கள். பார்க்கிங்கை முன்பதிவு செய்யுங்கள். அரங்கத்துக்கு மிக அருகில் எடுக்காமல், 15 நிமிட நடைத் தூரத்தில், வீடு திரும்பும் திசையில் எடுங்கள். பக்கத்துக் கட்டடத்தில் நிறுத்தினால் நடந்த நேரத்தைவிட வெளியே வர அதிக நேரம் ஆகும்.

ஊபரில் போகலாம் என்பவர்களுக்கு: டெக்சாஸ் சட்டப்படி 8 வயதுக்குக் கீழ், 4 அடி 9 அங்குலத்துக்குக் குறைவான பிள்ளைக்குக் கார் சீட் கட்டாயம். அதை அரங்கத்துக்குள் கொண்டுபோக முடியாது. சொந்தக் கார்தான் வசதி. ரெட் லைன் ரயிலில் வந்தால் எம்.எல்.கே. ஜூனியர் நிலையத்திலிருந்து ஒரு மைலுக்கு மேல் நடை, ஐ-35ஐக் கடக்க வேண்டும். போகும்போது உற்சாகத்தில் நடந்துவிடும், திரும்பும்போது தோளில்தான் வரும்.

காதுமடல்
கழிவறை பற்றி யாரும் சொல்லவில்லை. இடைவேளையில் போகாதீர்கள், அப்போதுதான் எல்லோரும் போவார்கள். இசைக்குழுவின் நிகழ்ச்சியையும் தவறவிடுவீர்கள். இரண்டாம் கால்பகுதியில் கடிகாரம் 4 நிமிடம் காட்டும்போது எழுந்திருங்கள். 2024 முதல் கல்லூரி ஆட்டத்திலும் 2 நிமிட இடைநிறுத்தம் வந்துவிட்டது, கடைசி நிமிடங்கள் இழுக்கும். திரும்பி வந்து உட்கார நிதானமாக நேரம் இருக்கும். பிள்ளை "இப்போ வேண்டாம்" என்றாலும் கூட்டிப் போங்கள்.

தொலைந்துபோனால்: மணிக்கட்டில் பட்டை கட்டி உங்கள் ஃபோன் எண்ணும் பிரிவு எண்ணும் அழியாத பேனாவில் எழுதுங்கள், குழந்தையின் பெயரை வெளியே தெரிய எழுத வேண்டாம். உள்ளே போனதும் பிள்ளையை ஒரு படம் எடுங்கள். அன்று என்ன சட்டை என்று பதற்றத்தில் சொல்ல வராது, அதுவும் ஒரு லட்சம் பேர் ஆரஞ்சு போட்டிருக்கும் இடத்தில். இதே காரணத்துக்காகத் தலையில் வேறு நிறத் தொப்பி போடுங்கள்.

மின்னல் 8 மைலுக்குள் அடித்தால் ஆட்டத்தை நிறுத்திக் கூட்டத்தை மறைவிடத்துக்கு அனுப்புவார்கள். கடைசி மின்னலில் இருந்து 30 நிமிடம், இடையில் இன்னொன்று அடித்தால் கணக்கு மறுபடி பூச்சியத்தில் இருந்து. சின்னப் பிள்ளையோடு அதற்குக் காத்திருக்க வேண்டாம், முதல் அறிவிப்பிலேயே காருக்குப் போய்விடுங்கள்.

செடார்பார்க்_மல்லி
கடைசிக் கேள்வி. டிக்கெட் விலைக்கு முழு ஆட்டமும் பார்க்காமல் வரவே மனம் வராது என்கிறார் வீட்டுக்காரர்.

நாலாவது_டவுன்
அவர் சொல்வது புரிகிறது. அப்படியானால் விலை குறைந்த ஆட்டமாக எடுங்கள், பாதியில் வர மனம் வரும். இடைவேளை நிகழ்ச்சி முடிந்து, மூன்றாம் கால்பகுதி தொடங்கிப் பத்து நிமிடம். அதுதான் கிளம்ப நல்ல நேரம், நடைபாதையில் கூட்டமே இருக்காது. வெளியே போனால் பெரும்பாலான அரங்குகளில் திரும்ப விடமாட்டார்கள், அதனால் கிளம்பும் முன் பிள்ளையிடம் "மாட்டுக்கு டாட்டா சொல்லிட்டு வா" என்று முடித்துவிடுங்கள். பெரியவர்களில் ஒருவர் கட்டாயம் முழுதும் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் முதலிலேயே பேசி, யார் பிள்ளையோடு வருவது, கார் சாவி யாரிடம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே போன பிறகு பேசினால் சத்தத்தில் காதிலேயே விழாது.

காதுமடல்
மல்லி, இயர்மஃப்பை ஆட்டத்தன்று முதல் முறையாகப் போடாதீர்கள். இரண்டு வாரம் முன்பே வாங்கி, வீட்டில் மிக்ஸி ஓடும்போதும் குக்கர் விசில் வரும்போதும் மாட்டிவிடுங்கள். முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு ஒரு கார்ட்டூன் முழுக்க. மாட்டினால் சத்தம் குறைகிறது என்று அவளுக்கே தெரிந்துவிட்டால், அரங்கத்தில் அவளே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வாள். இன்றைக்கு இட்லிக்குச் சட்னி அரைக்கும்போதே தொடங்கலாம்.